பதினேழாம் நம்பர் வீட்டுப் பை

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மங்கையைக் கேட்டால் ஒரு பேர்கூடச் சொல்ல மாட்டாள். மீன்தான் சொல்லுவாள். பச்சைக் கதவு போட்டது நெத்திலி வீடு. மாடிப்படி நேராகத் தெருவில் இறங்குவது இறால் வீடு, அதுவும் மருமகன் வந்தால் மட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுத் தலையில் சுமந்து விற்கிறவளுக்கு வேறு விலாசம் தேவைப்படவில்லை. "யாருன்னு தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போறேன்? இன்னா துன்றாங்கன்னு தெரிஞ்சா பத்தாதா?" என்பாள்.

இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு வந்தது. மீன்பிடித் துறைமுகத்தை அடைத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் பொன்ராஜ் போகும் லாஞ்சு கட்டின இடத்திலேயே கிடந்தது, பொன்ராஜ் வீட்டில் கிடந்தார். கிடந்தவர் சும்மா கிடக்கக் கூடாதா? ரசத்தில் உப்பு ஏன் ஏறுகிறது, விளக்குமாற்றை ஏன் அங்கே வைத்தாய் என்று ஆரம்பித்தார். நான்காம் நாளே மங்கைக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எழில்மொழி ஃபோன் செய்தாள்.

எழில்மொழி அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள், முப்பது வயதுப் பெண். அவளும் நாலைந்து சிநேகிதர்களும் ஒரு கல்யாண மண்டபத்தை இரவல் வாங்கி, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வாராவாரம் மளிகைப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் பேர் பதிந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பை போகும். கொண்டுபோய்க் கொடுக்கச் சந்து தெரிந்த ஆள் வேண்டும். மங்கையைவிடச் சந்து தெரிந்தவர் யார்? போலீஸ்காரர் மறித்தால் காட்ட ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவள் அதைச் சேலைக்கு மேலே தெரிகிற மாதிரி எடுத்துவிட்டுக்கொண்டாள். பெருமை இருக்காதா பின்னே!

ஒரே ஒரு விதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்டில் பையை மாட்ட வேண்டும், இரண்டு தட்டு தட்ட வேண்டும், நகர்ந்துவிட வேண்டும். பேசக் கூடாது, நிற்கக் கூடாது. வயதானவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தெருமுனையில் கூப்பிட்டால் கடைசி வீட்டில் சட்டி எடுத்துவைக்க வைக்கும் குரல் அவளுடையது. அந்தக் குரலை மாஸ்குக்குள் போட்டு மூடிக்கொண்டு திருடி மாதிரி தட்டிவிட்டு ஓடுவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

இப்படி மூன்று செவ்வாய்க்கிழமை போனது. நான்காவது செவ்வாய் அவள் மண்டபத்துக்குப் போனபோது எழில்மொழி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, பதினேழாம் நம்பர் வீட்டுப் பெரியவருக்கு ஒரு வாரம்கூடப் பை போகலியாமே?"

"இன்னாமா சொல்ற? என் கையால மாட்டிட்டு வந்தேனே!"

"அவரோட பையன் பெங்களூர்லேர்ந்து ஃபோன் பண்றார். அப்பாவுக்குச் சக்கரை வியாதி. அதுக்குன்னு நாங்க கோதுமை மாவு, பயறுன்னு தனியா பை கட்டறோம். மூணு வாரமா அவர் ரேஷன் அரிசிக் கஞ்சிய குடிச்சிக்கிட்டு கிடந்திருக்கார். நேத்து கொழாயடியில மயக்கம் போட்டு விழுந்துட்டாராம்."

மங்கைக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினேழாம் நம்பர் கேட்டில் மூன்று வாரமும் பை மாட்டியது இதோ இந்தக் கைதான். மாட்டிவிட்டுச் சந்து திரும்பும்போது எட்டிப் பார்த்திருக்கிறாள், பை உள்ளே போயிருந்தது. அப்படியென்றால் எடுத்தது யார்? எடுத்துவிட்டு வரவில்லை என்கிறாரா? இல்லை, நான்தான் வேறு எங்கேயோ மாட்டிவிட்டு இங்கே மாட்டினதாக நினைக்கிறேனா?

எழில்மொழி அவளைத் திருடி என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் பை கட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். மங்கைக்கு அது போதும். இத்தனை வருஷத்தில் எடைக்கல்லில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. இன்று ஒரு நோயாளியின் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனவள் என்று ஆகிவிடுமோ என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"அந்த ஒரு பையி மட்டும் குடு. நான் போயி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன். பேசக் கூடாதுன்னு யாராவது சொன்னீங்க, அவ்ளோதான்!"

சந்துக்குள் நுழைந்து பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் போனாள். சுவரில் கறுப்புப் பெயிண்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கும் நம்பர், கண் தெரியாதவருக்குக்கூடத் தெரியும். மங்கைக்கு எழுத்து வராவிட்டாலும் எண் நன்றாகவே வரும். சத்தியமாக இதே வீடுதான்.

கேட்டை இரண்டு தட்டுக்குப் பதில் இருபது தட்டு தட்டினாள். உள்கதவு திறந்தது. கம்பிக்குப் பின்னால் ஒல்லியான ஒரு கிழவி வந்து நின்றாள். மங்கைக்குத் தெரிந்தவள்தான், காரப்பொடி வீட்டம்மா. வாரத்தில் இரண்டு நாள் காரப்பொடி வாங்குவாள், வேறு மீனைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். புடவைக்கு ஃபால்ஸ் அடித்துப் பிழைக்கிறவள். உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று மங்கை ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மா, வூட்ல ஆம்பளைங்க யாராச்சும் கீறாங்களா?"

"ஆம்பளையா? அவரு போயி பதினோரு வருசம் ஆச்சி. இப்ப வந்து கேக்குற?"

"சக்கரை வியாதிக்காரரு யாரும் இல்லியா?"

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல. இன்னாத்துக்குக் கேக்குற?" கிழவிக்கு மாஸ்க் இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டே சிரித்தாள். "நல்லவேள நீயே வந்த. நீ பாட்டுக்குத் தட்டிட்டுப் போயிடற, ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியல. மீன் விக்கிறவளுக்கு எவ்ளோ மனசு பாருன்னு தெனமும் நெனைச்சிப்பேன். மூணு வாரமா நீ வெக்கிற பையிலதான் அடுப்பு எரியுது. டீக்குக் கொஞ்சம் சக்கரையும் வெச்சிருக்கலாம், அது ஒண்ணுதான் கொறை."

மங்கைக்குத் தலை சுற்றியது. இவள் என்னைக் கும்பிடுகிறாள். அங்கே ஒருவர் என்னால் விழுந்து கிடக்கிறார். இரண்டும் ஒரே பையா? நம்பர் சரி, வீடு சரி, பையும் சரி. அப்புறம் எங்கேதான் கோளாறு? இவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "தோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். மங்கை திரும்பிப் பார்த்ததும் அவள் முகம் இறுகிப்போனது. வஞ்சிரத்துக்காரர். பேர் சுப்புராயன் என்று அவளுக்குத் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருஷம் இவள் கூடையில் இருந்த வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐஸ் மீன ஏமாத்தி விக்கிறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். காலையில் கரைக்கு வந்த மீன் அது. அன்றிலிருந்து அந்த வாசலில் அவள் குரலும் கொடுப்பதில்லை, நிற்பதும் இல்லை.

"மூணு வாரமா தாண்டித் தாண்டிப் போன. இன்னிக்கு இன்னா, திரும்பிப் பாக்குற?" என்றார் சுப்புராயன், மங்கை கேட்டுக்கு அருகே வந்ததும். கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய ஆளுக்குக் குரலே எழும்பவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பையி உனக்கா நைனா? உன் வூடு ஒம்பதாச்சே! நான் பதினேழுக்கு இல்ல எடுத்தாந்தேன்."

அவர் கதவின் ஓரத்தைக் காட்டினார். செருப்பு அலமாரிக்கு மேலே, மின்மீட்டர் பெட்டி பாதி மறைத்திருக்க, சின்னதாக ஒரு நீலத் தகடு. அதில் 17.

சென்னையில் இந்தக் கூத்து ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர். புதிய எண் கொடுத்த புண்ணியவான்கள் பழைய எண்ணை அழித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பழையது பழையபடி சுவரில் இருக்க, புதியதை மூலையில் மாட்டினார்கள். இவர் ஒன்பது, புதிதாகப் பதினேழு. காரப்பொடி அம்மா பதினேழு, புதிதாக முப்பத்தொன்று. எழில்மொழியின் பட்டியலுக்கு மற்றவர்களெல்லாம் பழைய எண்ணையே சொல்லியிருக்க, பெங்களூர்ப் பையன் மட்டும் புதிய எண்ணைச் சொல்லியிருந்தார். பையில் மார்க்கரால் எழுதினது வெறும் 17. எந்தப் பதினேழு என்று அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வயதான பொம்பளை இருக்கிற வீட்டு வாசலில் பதினேழு என்று இருந்தால், பை அவளுக்கில்லாமல் வேறு யாருக்கு?

"வரலன்னு மொத வாரமே சொல்லியிருக்கலாம் இல்ல நைனா?"

"சொல்லுவாங்களா? மீன்காரம்மா கோவத்துல என்ன உட்டுட்டுப் போறான்னு பையன்கிட்ட சொல்லச் சொல்றியா? நான் கத்துனது தப்புதான். அதுக்கு நீ குடுக்கிற தண்டனைன்னு இருந்துட்டேன்."

மங்கை பையை அவர் கேட்டில் மாட்டினாள். தெரியாமல் செய்த தப்புதான், சத்தியம் செய்வாள். ஆனால் இந்த வாசல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது யார்? ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இந்தத் தகடு கண்ணில் பட்டிருக்காதா? தெரிந்து செய்தோமா, தெரியாமல் செய்தோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இன்னொன்று அதைவிடக் குழப்பியது. சரியாகக் கொடுத்திருந்தால் இந்த மூன்று வாரமும் காரப்பொடி அம்மா என்ன ஆகியிருப்பாள்? தப்புக்காக அழுவதா, நல்லவேளை தப்பு நடந்தது என்று சந்தோஷப்படுவதா?

"மன்னிச்சிடு நைனா. மொதல்ல அடை தட்டித் துன்னு" என்று மட்டும் சொன்னாள். சந்தின் நடுவில் நின்று எழில்மொழிக்கு ஃபோன் போட்டு நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"அந்தம்மாவையும் சேத்துடலாங்கா. ரொம்ப ஈஸி. பேரும் வயசும் கேட்டுச் சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்" என்றாள் எழில்மொழி.

பேர். இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்தவளின் பேர் மங்கைக்குத் தெரியவில்லை. மறுபடி அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, உன் பேரு இன்னா?"

கிழவியின் சிரிப்பு போய்விட்டது. "பேரு எதுக்கு?"

"லிஸ்ட்ல எயுதத்தான்."

"வேணாம். எதிர்வூட்ல பேரு எயுதிகினு போனாங்க, மறுநாள் வந்து வாசல்ல தகரம் அடிச்சிட்டாங்க. பதினாலு நாளு உள்ளயே கெடந்தாங்க. காய்ச்சல் கீதான்னு கேக்க வந்தவங்களுக்குக்கூட நான் கதவத் தொறக்கல. நீயே எப்பவும் போல மாட்டிட்டுப் போ, சொல்லிட்டேன்."

சரிம்மா என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து மாட்டலாம். ஆனால் வீட்டு அரிசிப் பானையில் எவ்வளவு கிடக்கிறது என்று மங்கைக்கு நன்றாகத் தெரியும். கொடுக்காத கொடைக்கு இன்னும் ஒரு வாரம் கும்பிடு வாங்கவும் மனசு ஒப்பவில்லை.

"அம்மா, கோச்சிக்காத. அந்தப் பையி நான் குடுத்தது இல்ல. உனக்கு வந்ததும் இல்ல. தோ அந்த நீலத் தகடு வூட்டுப் பெரியவருக்கு வந்தது. நான்தான் நம்பர் தெரியாம உன் வாசல்ல மாட்டிட்டேன்."

கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வருவாள் என்று மங்கை காத்திருந்தாள்.

"மூணு வாரமும் அவருதா?"

"மூணு வாரமும்."

"அப்ப அந்த மனுசன் இன்னா துன்னாரு?"

"ரேஷன் கஞ்சி. நேத்து மயங்கி வியுந்துட்டாராம்."

கிழவி உள்ளே போனாள். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பாதி மாவு பாக்கெட்டும், முடிச்சுப் போட்ட ஒரு கவரில் கொஞ்சம் பயறும் இருந்தன. கம்பி வழியாக நீட்டினாள்.

"துன்னத திருப்பித் தர முடியாது. மீதி இதான். கொண்டும்போயி குடு."

"அய்யே, அவருக்குப் புதுசா குடுத்துட்டேன். நீ வெச்சிக்கோ."

"வாங்குன்றேன் இல்ல!"

மங்கை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த ஃபோனில் எழில்மொழியின் குரல் கேட்டது. "அக்கா, பேரு சொன்னாங்களா?"

கிழவிக்கும் அது கேட்டது. எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். தகரத்தைப் பிடுங்கின ஆணி ஓட்டைகள் நிலையில் அப்படியே இருந்தன. அப்புறம் மங்கையைப் பார்த்தாள்.

"ரமாபாய். எயுவத்தி நாலு வயசு" என்றாள். பிறகு, "தனியாத்தான் கீறேன். அத்தையும் எயுதிக்கச் சொல்லு" என்றாள்.

மங்கை அதை அப்படியே ஃபோனில் சொன்னாள்.