புவனா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்

அம்மன் அடியார்களே, எனக்குச் சாதுவாகப் பேச வராது. பஸ் நிலையத்தடியில் கச்சான் கடலை வறுத்து விற்கிறவள் நான். சத்தம் போட்டால்தான் பிழைப்பு. இதையும் அந்தக் குரலிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை புவனாவுக்கு முப்பத்திரண்டு வயது. உடம்பு வளர்ந்தது, அறிவு ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். அந்த எட்டு நாளும் புவனா பூப்பறித்து, வாவிக்கரைப் பாதையால் தனியே நடந்துபோய்க் கோயிலில் கொடுப்பாள். அது அவளுடைய வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

போன வருடம் கதவு திறந்த மூன்றாம் நாள், காதிலிருந்து இரத்தம் வடிய வீட்டுக்கு வந்தாள். சட்டையெல்லாம் சேறு. இரண்டு தோடும் இல்லை. ஒரு காது கிழிந்து தொங்கியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனோம்.

சார்ஜன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தோட்டை நீயாத்தான் கழட்டிக் குடுத்தியா?"

"ஓம்," என்றாள் புவனா.

அப்படியே எழுதிவிட்டான். கிழிந்த காதைக் காட்டிக் கத்தினேன். "இதுகள்ற கதைய வச்சு நாங்க என்னகா செய்யிற? வீட்டுல வச்சிருக்க வேண்டியதத் தெருவுல விட்டா இப்படித்தான்," என்றான். "இதுகள்" என்றான், என் தங்கையை. அந்த வாய்க்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கொடுக்கவில்லை.

கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கப் போனேன். "உனக்குப் பூ கொண்டு வந்தவளுக்கா இது? கண் இல்லையா உனக்கு? குளிர்த்தி பாடுறதுக்கு முதல் உண்மையக் காட்டு. இல்லாட்டி இந்த வாசல நான் மிதிக்க மாட்டன்!" என்று வாசலில் மண்ணை அள்ளி வீசினேன். குளிர்த்தி என்பது கடைசி நாளில் அம்மனின் கோபம் ஆறப் பாடுவது. என் கோபத்தை ஆற்ற ஒருவரும் இல்லை.

உண்மை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வளவுத் தங்கராசாவோடு எங்களுக்கு வேலிச் சண்டை. அவனைத் தவிர வேறு யார்? வீட்டுக்கு வந்து புவனாவின் முகத்தைப் பிடித்துக் கேட்டேன். "தங்கராசாதானே அடிச்ச?" "ஓம்," என்றாள். மறுநாள் விடிந்ததும் அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் அதையே சொல்ல வைத்தேன். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, அவனைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். அவன் பெண்சாதி என் வாசல் படலையடியில் வந்து அழுதாள். நான் காறித் துப்பினேன். ஓம், துப்பினேன். மறைக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் பொலிஸ் எங்களைக் கூப்பிட்டாள். வந்தாறுமூலைப் பக்கத்துப் பிள்ளை, புவனாவைவிட இளையவள். இரண்டு வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று முட்டுகிறதே என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காக்கிச் சட்டை போட்டிருந்தவள் புவனாவிடம் கேட்டாள்.

"நான் சிவப்புச் சீலையா உடுத்திருக்கன்?"

"ஓம்."

"உனக்கு அடிச்ச தங்கராசாவா?"

"ஓம்."

"உனக்கு அடிச்ச நானா?"

"ஓம்."

பிறகு என்னைக் காட்டி, "அக்காவா அடிச்ச?" என்றாள்.

"ஓம்," என்றாள் புவனா. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அடியார்களே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியவர்கள் கேட்டால் ஓம் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கையில் தட்டித் தட்டிப் பழக்கியவள் நான். சார்ஜன் அவள் வாயில் ஒரு பொய்யை வைத்தான். நான் இன்னொரு பொய்யை வைத்தேன். அவனைத் திட்டிய வாயாலேயே வைத்தேன்.

அந்தப் பிள்ளை புவனாவை அந்த வாவிக்கரைப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் தூரத்தில் நிற்கச் சொன்னாள். "பூவோட வந்தாய். பிறகு?" அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வெயில் ஏறியது. எனக்கு நாக்கு துடித்தது. புவனா வெகுநேரம் நின்றுவிட்டு, கரையோரக் கண்ணாப் பற்றைப் புதரடியில் போய்க் குந்தினாள். கையைச் சுருட்டி "பாம் பாம்" என்று ஹோன் அடித்துக் காட்டினாள். "மீன் பெட்டி. மாமா நல்லவன் இல்ல. காதப் புடிச்சி இழுத்த," என்றாள். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்க வருகிற வெளியூர்க்காரன். நானே அவனிடம் மீன் வாங்கியிருக்கிறேன்.

குளிர்த்தி அன்று காலையில் அவன் பிடிபட்டான். தோடு இரண்டும் அவன் வீட்டில் இருந்தன. தங்கராசாவை அன்றே வெளியே விட்டார்கள்.

உண்மையைக் காட்டு என்று கேட்டேன், அம்மன் காட்டினாள். என் முகத்தையும் சேர்த்துக் காட்டினாள். அன்று குளிர்த்தி பாடும்போது வெட்கத்தில் கடைசி வரிசையில் நின்று அழுதேன். தாயே, உனக்குக் கோடி நன்றி. ஒரு குற்றமும் செய்யாத மனிசனைச் சிறை மறியலுக்கு அனுப்பும் பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றினாய்.

தங்கராசா வீட்டுக்கு மூன்று தரம் போனேன். படலை திறக்கவில்லை. "எங்கட முத்தத்துல கால் வைக்காத," என்றாள் அவன் பெண்சாதி. அவள் சொன்னது சரி. நான் இன்னும் போவேன்.

இப்போது புவனாவிடம் கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். எனக்கு அது நோன்பு பிடிப்பதைவிடக் கஷ்டம். போன மாதம் ஒரு மத்தியானம் "இன்னும் சோறு போடவா?" என்றேன். வழமைபோல் போடக் கையை நீட்டினேன். அவள் தட்டை இழுத்துக்கொண்டு, "வேணாம்," என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தரம். நான் அகப்பையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் பதிலையும் நீங்களே சொல்லிக் கொடுக்காதீர்கள்.