அவர்கள் காலில் வேகம், என் காலில் பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவனிடம் ஸ்டீயரிங் இருக்காது. ஒரு பிரேக்கும் வாயும்தான் இருக்கும். வீட்டுக்காரரோ மகனோ கார் ஓட்ட, பக்கத்து சீட்டில் வெறும் தரையைக் காலால் அழுத்திக்கொண்டு போனவர்களுக்கு என் நிலைமை புரியும். தாம்பரத்தில் பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருபது

குரோம்பேட்டை ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயரானதும் கற்றுக்கொள்ள வந்தார். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நடுச்சுவரை ஒட்டிய வலது ஓரத்தில், பஸ்கள் பறக்கிற இடத்தில், இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவே மாட்டார்.

"டீச்சர், இங்க மெதுவா போறதும் ஆபத்து. கொஞ்சம் கூட்டுங்க, இல்லன்னா இடது பக்கம் வந்துடுங்க" என்று கெஞ்சினேன். அதற்குள் பின்னால் வந்த பஸ் சடாரென்று இடப்பக்கம் ஒடித்து, எங்களை உரசாத குறையாகத் தாண்டியது. கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னாம்மா, வண்டிய ஓட்டினு கீறியா, தள்ளினு கீறியா?" என்று கத்தினார்.

டீச்சர் பதறவில்லை. "பாத்தியா தம்பி, ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல!"

சொந்தத் தெருவில் நாற்பத்தைந்து

பொழிச்சலூர் பிரபாகர் சாருக்கு அது பதினெட்டாம் நாள் வகுப்பு. கை பழகிவிட்ட தைரியம். மெயின் ரோட்டில் ஒழுங்காக வந்தவர், தன் தெருவுக்குள் நுழைந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தினார். "சார், தெருவுக்குள்ள இருபது போதும்" என்றேன். "எங்க தெரு மாஸ்டர், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார்.

நின்றிருந்த தண்ணி லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை இறகுப்பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தது. அவர் கால் அசையவே இல்லை. என் பிரேக்கை நான் மிதித்த மிதியில் எனக்கே முட்டி வலித்தது. கார் நின்றபோது குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான். குழந்தை நிமிர்ந்து பார்த்து, "அப்பா!" என்றது.

இறங்கி ஓடி மகளைத் தூக்கிக்கொண்டார்.  எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ ஞானம் பிறக்கப்போகிறது என்று காத்திருந்தேன். மூச்சு திரும்பியதும் மகளைப் பார்த்துச் சொன்னார்: "தெருவுல விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

மழையில் அறுபது

ஊரப்பாக்கம் கவிதா நர்ஸ். சட்டம் பிசகாதவர். நல்ல மழையிலும் வேகமானி முள்ளை அறுபதிலேயே நிறுத்தியிருந்தார். "குறைங்கம்மா" என்றதற்கு, "அறுபதுன்னு போர்டு இருக்கேண்ணா" என்றார். தேங்கிய தண்ணீரில் ஏறியதும் கார் எங்கள் பேச்சைக் கேட்காமல் வழுக்கி, நடுச்சுவருக்குச் சாண் தூரத்தில் போய் நின்றது.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கவிதா கேட்டார்: "அண்ணா, மழை பெய்யும்போது அந்த போர்டைக் கழட்டி வைக்க மாட்டாங்களா?"

என் மாணவர்களில் ஒருவர்கூட இதுவரை தப்பான வேகத்தில் ஓட்டியதில்லை. ரோடுகள்தான் தப்பான இடத்தில் இருந்திருக்கின்றன.