கழுத்துக் கட்டியும் கச்சபேசர் மாவிளக்கும்

அடியார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி குத்திப் பார்த்துத் தைராய்டு கேன்சர் என்றார்கள். டாக்டர் சிரித்த முகமாய்ச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. கேன்சர்லயே இது நல்ல வகை. மெதுவாத்தான் வளரும். ஆபரேஷன் பண்ணிக்கினு மாத்திரை சாப்பிட்டா நிறைய பேர் நல்லா இருக்காங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேன்சரில் நல்லது ஏது?

நாத்தனார் வந்து அதையே கேட்டாள். "விஷத்துல இனிப்பு விஷம், கார விஷம்னு இருக்குதா அண்ணி?"

வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், வாயில் புற்று வந்து இறந்தவர். அவருக்கும் முதலில் பயமில்லை என்றுதான் சொன்னார்கள். அதனால் டாக்டர் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பயம் கூடியது. ஏதோ மறைக்கிறார் என்று நினைத்தேன். ஆபரேஷன் வேண்டாம், இருக்கிற நாளைக் கத்தி படாமல் கழிக்கிறேன் என்று பிடிவாதமாய்ச் சொல்லிவிட்டேன். தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் நெய்யவே இல்லை.

கார்த்திகை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் கச்சபேசர் கோயிலில் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வலம் வருவோம். தலையில் வரும் நோய்க்கான வேண்டுதல் அது. எனக்கு அதிலும் குழப்பம்.

"கழுத்து தலையில சேருமா?" என்று கேட்டேன்.

"தலையத் தாங்குறதே அதுதான? கிளம்புமே" என்றார் வீட்டுக்காரர்.

சட்டியைச் சுமந்துகொண்டு நடந்தேன். "அப்பனே, பிழைப்பேனா மாட்டேனா என்பது உன்னோடு இருக்கட்டும். அந்த டாக்டர் நிஜம் சொல்கிறாரா? அதை மட்டும் சொல்." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

முன்னால் போன அம்மா திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா அழுவுற, சட்டி சுடுதா?"

அவர் கழுத்தில், குறுக்கே, மெல்லிசாய் ஒரு தழும்பு. அது என்னவென்று கேட்டேன்.

"இதுவா? தைராய்டு கேன்சர். இவ தொட்டில்ல இருக்கும்போது." பக்கத்தில் வந்த பெண்ணைக் காட்டினார். அந்தப் பெண் காலேஜில் படிக்கிறாளாம்.

"அப்போ கழுத்துக்காகத்தான் சட்டி எடுக்கிறீங்களா?"

"அய்ய, அது எப்பவோ சரியாப் போச்சு. நான் ஒத்தத் தலைவலிக்கு வந்தேன். உயிர எடுக்குதும்மா!"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். தலையில் விளக்கு ஆடியது. "மெதுவா, மெதுவா" என்றாள் அந்தப் பெண்.

நடந்தபடியே அந்த அம்மா எல்லாம் சொன்னார். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. அப்பப்போ ரத்தப் பரிசோதனை. நடுவில் ஒருமுறை கட்டி திரும்ப வந்து வைத்தியம் பார்த்தாராம். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதும்மா. உனக்கு எப்படின்னு உன் டாக்டரைத்தான் கேக்கணும். ஆனா ஓடி ஒளியாத."

வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் ஆபரேஷனுக்கு நாள் கேட்கச் சொன்னேன். மனுஷன் நடுத்தெருவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையில் ஆபரேஷன் முடிந்தது. கொஞ்ச நாள் குரல் கம்மியிருந்தது. இப்போது மாத்திரையும் பரிசோதனையுமாக நன்றாக இருக்கிறேன். நாளைக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றியது டாக்டரா, அந்த அம்மாவா, ஈசனா என்று பிரித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. கேட்டேன், பதில் வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

உங்களுக்கும் இப்படி ஒரு குழப்பம் இருந்தால் அவனிடம் கேளுங்கள். டாக்டரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தக் கார்த்திகைக்கும் நான் சட்டி எடுக்கிறேன். முந்தானையால் கழுத்துத் தழும்பை மூடிக்கொள்ளப் போவதில்லை. யாராவது பயந்துகொண்டு பின்னால் வருவார்கள்.