குஞ்சுக் கொட்டிலுக்கு ஒரு தளம்

போன மாரிக்கு முந்தின மாரியில் என் கோழிக்குஞ்சுகள் செத்துப்போயின. நாற்பதில் இருபத்தாறு, மூன்று நாட்களுக்குள். மழை விடவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலுக்குள் இரண்டு பல்புகளைத் தாழக் கட்டி, சுற்றிவரச் சாக்குத் தொங்கவிட்டு, என்னால் முடிந்த காவலெல்லாம் செய்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் உமியை ஒதுக்கிவிட்டு வெறும் சீமெந்தில் உள்ளங்கையை வைத்தேன். மேலே பல்பு சுட்டுக்கொண்டிருந்தது. கீழே தரை கிணற்றுக்கட்டுப்போலக் குளிர்ந்து கிடந்தது. குஞ்சுகளின் சூட்டைக் கால் வழியாகத் தரை உறிஞ்சி எடுத்திருக்கிறது.

வாழையடியில் குழி வெட்டினவர் என் கணவர். பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "கோழி எங்களுக்குச் சரிவராது. விடும்," என்றார்.

நான் விடவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பித்த வேலையை விட்டுவிட்டு அந்தக் கொட்டிலை நம்பித்தான் இறங்கியிருந்தேன். வளர்க்கத் தெரியாமல் குஞ்சு சாகவில்லை, தரைதான் பிழை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிழை எங்கே என்று தெரிந்த பிறகு ஒரு வேலையைக் கைவிடுவது என் குணத்தில் இல்லை.

என் அண்ணை கனடாவில் வீடு கட்டுகிற வேலை செய்கிறார். வீடியோ அழைப்பில் அவரிடம் சொன்னேன்.

"இஞ்சை தரைக்குக் கீழை ரெஜிபோம் மாதிரி ஒண்டு போடுவினம். மண்ணின்ரை குளிர் மேலை வராது," என்றார். "ஆனா உங்கடை வெயிலுக்கு ஆர் அதைப் போடுறது?"

"மாரியிலை வந்து எங்கடை கொட்டிலுக்கை ஒருநாள் இருந்து பாருங்கோ அண்ணை."

சிரித்தார். பிறகு ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். அடியில் பொலித்தீன், அதன்மேல் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரை அட்டை, எல்லாவற்றையும் மூடிப் பலகை. ஒருதரம் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அடுத்த வளவில் இருக்கிற மேசன் அண்ணைக்கு அது பிடிபடவில்லை. முப்பது வருடமாக வீடு கட்டுகிறவர். "இன்னும் அரை அடிக்குக் கொங்கிறீட் போட்டு உயர்த்துவம் தங்கச்சி. வெள்ளம் வராது," என்றார்.

"வெள்ளம் வரேல்லை அண்ணை. குளிர்தான் வந்தது."

"தரை எண்டால் குளிரத்தானே செய்யும்."

அவரோடு வாதாடவில்லை. ஒரே கேத்திலில் கொதித்த தண்ணீரை இரண்டு செம்புகளிலும் ஊற்றினேன். ஒன்றைச் சீமெந்துத் தரையில் வைத்தேன். மற்றதை, மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடிமேல் வைத்தேன். தேத்தண்ணி குடித்து, அவர் மகளின் கலியாணப் பேச்சைக் கதைத்து முடித்தபின், இரண்டு செம்பின் அடியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். பிறகு மற்றக் கையாலும் தொட்டார்.

"ஓம்," என்றார். "ஆனா உந்த வேலைக்கு என்னைக் கேளாதேங்கோ. எனக்குச் சீமெந்துதான் தெரியும்."

"நானே செய்யிறன் அண்ணை."

ரெஜிபோமுக்குத் தொண்டைமானாற்றுக்கு ஸ்கூட்டியில் போனேன். படகுகள் வந்து ஏறுகிற இடத்தில் உடைந்த மீன்பெட்டிகள் குவிந்து கிடந்தன. வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "எல்லாத்தையும் கொண்டு போ பிள்ளை. காத்துக்குக் கடலுக்கை பறக்குது," என்றார். ஐந்து நடை கட்டி ஏற்றினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி வேலி நீளத்துக்குக் காயவைத்த அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவே இல்லை. மேசன் அண்ணையின் மனைவி கோயிலுக்குப் போகிற வழியில் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் சொல்லாததை ஊர்ப் பூனைகள் வந்து சொல்லின. சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் தேய்த்து இன்னும் இரண்டுதரம் கழுவினபிறகுதான் அவை வேலியை விட்டு இறங்கின.

சட்டங்களுக்கு, யாரோ பிரித்த பழைய கூரையின் பனஞ்சிலாகைகள் பதினொன்று கிடைத்தன. பனைமரம் வாளுக்கு இலேசில் இடம் கொடுக்காது. ஒரு சிலாகைக்கு ஒரு காலை போனது. கொட்டிலின் அகலத்தை வாசலடியில் அளந்து, பதினொன்றையும் அதே அளவில் அறுத்து அடுக்கினேன். தரையில் பொலித்தீனை விரித்து, ஒரு ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, பதிந்த இடங்களில் ஓட்டுத்துண்டு வைத்து உயர்த்தி, ஒவ்வொன்றாக இறக்கினேன். முதல் ஐந்தும் சுவருக்குச் சுவர் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆறாவது ஒரு பக்கச் சுவரைத் தொடாமல் கொஞ்சம் எட்ட நின்றது. கடைசிச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் என் நாலு விரல் போனது.

அன்று கணவருக்கு ஓய்வு நாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலைக்கு மூலை அளந்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"கொட்டில் கோணல். கட்டேக்கை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் முதலே சொல்லியிருக்கலாமே."

"நீர் கேக்கேல்லை."

கோபம் வந்தது. ஆனால் பிழை என்னுடையது. பதினொரு காலைகளின் உழைப்பை எறிய மனமில்லாமல் சுவரோரம் குந்தியிருந்து யோசித்தேன். சட்டங்கள் தரையில்தானே தங்கி நிற்கின்றன, சுவரில் இல்லையே. இடைவெளியை அடைத்தால் போதும். நீளப் பலகையொன்றில் சுவரின் சரிவைக் கோடாகக் கீறி, ஒரு நுனி கூராகவும் மறு நுனி நாலு விரல் அகலமாகவும் வர அறுத்தேன். நான் கேட்காமலே அவர் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். பலகை இடைவெளிக்குள் கத்தி உறைக்குள் போவதுபோலப் போனது. அதற்குப் பிறகு ஓய்வு நாட்களில் அவர் வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்தார்.

ரெஜிபோமை வாளால் அறுத்தபோது வெள்ளைப் பரல்கள் தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டன. சந்துகளைத் துண்டுகளால் இறுக்கி, ஒட்டுநாடா ஒட்டி, எலி நுழையாதபடி சுவரோரம் கம்பிவலை மடித்து அடித்தோம். மேலே தடித்த பிளைவூட். ஈரம் இறங்காமல் அதற்கு இரண்டு பூச்சுப் பெயின்ற்.

அடுத்த மாரிக்குப் புதிதாக நாற்பது குஞ்சுகள் இறக்கினேன். கார்த்திகைக் கடைசியில் நான்கு நாள் அடைமழை. இரண்டாம் நாள் காலையில் போன கரண்ட் பின்னேரம்தான் வந்தது. அது வர முந்தியே குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கதவைத் திறக்கத் தயங்கவில்லை. குளிர்ந்த குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியும். இவை குவியவில்லை. உமியில் செட்டையை விரித்து, காலை நீட்டி, தனித்தனியாகப் படுத்துக் கிடந்தன. உமிக்குக் கீழே கையை விட்டேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

கணவர் பின்னால் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஏறி நின்றார். காலால் உமியை ஒதுக்கிப் பலகையில் பாதத்தைப் பதித்தார்.

"எங்கடை அறையை விட இது நல்லாயிருக்கு," என்றார்.

"அறைக்கும் போடலாம்," என்றேன்.

பிறக்கும்போதே கால் வளைந்திருந்த ஒரு குஞ்சு மட்டும் அந்த மாரியில் போனது. மழை வெளித்த காலையில் கதவைத் திறந்துவிட்டேன். முப்பத்தொன்பதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெயிலுக்கு ஓடின.