போன் யாரைப் பார்த்துத் திறந்தது

இது சத்தியமாக நடந்தது. ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நடந்ததும் வாழ்நாளில் பொய்யே பேசாத ஒரு மனிதருக்கு. அந்தப் போனைப் புதிதாக வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். மாதம் தவறாமல் ஊழியர்களைக் கூட்ட அறையில் உட்காரவைத்து, செல்போனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று வகுப்பெடுப்பார். வருகிற லிங்க்கையெல்லாம் தொடாதே. ரகசிய எண்ணைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாதே. இன்னொருவர் வைத்திருந்த போனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நம்பரைத் திருடலாம், கைரேகையைத் திருடலாம், முகத்தை எவன் திருடுவான்?” என்பார். பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவர்களும் அந்த இடத்தில் பலமாகத் தலையாட்டுவார்கள். அதோடு வகுப்பு முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் கையில் சாதாரணப் போன் இருந்தால் மானம் என்னாவது? உயர்ந்த ரகம் புதிதாக வாங்கச் சம்பளம் எட்டவில்லை. ஆகவே தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குப் போய், யாரோ வைத்திருந்ததை வாங்கிவந்தார். மனைவியின் தம்பி போன் ரிப்பேர் கடைதான் வைத்திருக்கிறான். அவனிடம் போகவில்லை. போனால் விஷயம் அக்காள் காதுக்குப் போகும், அங்கிருந்து உலகத்துக்குப் போகும். பழைய ஆளுடையதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதைச் சரிபார்ப்பது எப்படி என்று பூட்டுக்குத் தெரியாது. கேட்டால் கௌரவக் குறைச்சல். வீட்டுக்கு வந்து தன் முகத்தைக் காட்டிப் போனைப் பூட்டினார். அதன்பிறகு அவர் முகம் தெரிந்தால் ‘டிக்’ என்று திறக்கும். வேறு யார் பார்த்தாலும் திறக்காது.

முதலில் மாறியது எழுத்து.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், போனில் இருந்த எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக ஊதியிருந்தது. கை பட்டிருக்கும் என்று சிறிதாக்கினார். மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடி பெரிதாகியிருந்தது. சிறிதாக்கினார். பெரிதாகியது. வீட்டில் கண் சரியாகத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். மாமியார். பூட்டுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாமியாரைக் கவனித்தார். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது வேவு. எழுந்து போனால் தப்பியோட்டம். ஒருநாள் போன்மேல் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் குறுக்காக வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முடி வைத்தது வைத்தபடி இருந்தது.

எழுத்து பெரிதாகியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். முடியை அச்சுப் பிசகாமல் திருப்பி வைக்கும் அளவுக்குக் கிழவி தேர்ந்தவள் என்று முடிவுகட்டினார் பூட்டு.

“அத்தை, என் போன்ல அப்படி என்னதான் தேடுறீங்க?”

“அதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாது மாப்பிள்ளை,” என்றார் மாமியார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஞாயிறு சாயங்காலம்வரை அவகாசம் கொடுத்தாள். “அம்மாதான் தொட்டாங்கன்னு காட்டுங்க. இல்லேன்னா அவங்க பெட்டியோட என் பெட்டியும் போகும். நானும் திரும்பி வரமாட்டேன்.” நியாயம் சொல்லத் தம்பியையும் வரச்சொல்லிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம். பளீரென்ற வெயில். பேய் பிசாசுக்கெல்லாம் கொஞ்சமும் பொருந்தாத நேரம். பூட்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். போன் தானாக எதுவும் செய்யாது என்று முதலில் நிரூபித்துவிட்டால், மிச்சம் இருப்பது மாமியார்தானே? அதுதான் அவருடைய தர்க்கம். ஒரு நாற்காலியில் போனை நிமிர்த்திச் சாய்த்து வைத்தார். திரை கட்டிலைப் பார்த்தபடி இருந்தது. திரையை எழுப்பிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

டிக்.

பீரோக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். துண்டைப் போட்டு அதை மூடினார். இந்தமுறை போனைக் கையில் எடுத்துத் தன் முகத்துக்குக் காட்டாமல் வெளிப்பக்கமாகப் பிடித்தார். ஜன்னல் பக்கம் நீட்டினார். திறக்கவில்லை. கதவுப் பக்கம். திறக்கவில்லை. கட்டில் பக்கம்...

டிக்.

கட்டிலில் யாரும் இல்லை.

பூட்டினார். மறுபடி கட்டிலுக்குக் காட்டினார். திறக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. சும்மா ஒரு நிச்சயத்துக்காகப் பீரோப் பக்கம் திருப்பினார்.

டிக்.

பீரோ... கட்டிலைவிடக் கிட்டத்தில் இருந்தது.

மூடிய துண்டை வெடுக்கென்று இழுத்துத் தன் முகத்தில் போர்த்திக்கொண்டார். சுவரோடு ஒட்டி நின்றார். போன் அவர் நெஞ்சுக்கு முன்னால், அவரையே பார்த்தபடி. துண்டைத் தவிர அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

டிக்.

துண்டுக்கும் போனுக்கும் நடுவில்... யாரோ மூச்சு விட்டார்கள்.

தாழைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார். மச்சினன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். மாமா துண்டும் கையுமாகத் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புதுசுன்னீங்களே மாமா. இது யாரோ ஓட்டித் தள்ளினது. பழைய ஆளோட முகம் உள்ளயே கிடக்கும்.”

மனைவி பூட்டைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதத் தேவையில்லை. மச்சினன் தொழில்காரன் தோரணையில் உள்ளே தேடினான். பதிந்திருந்த முகம் ஒன்றுதான். அது பூட்டின் முகம்.

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று போனை அடியோடு துடைத்தான். மாமாவின் முகத்தைப் புதிதாகப் பதிவு செய்தான். வேறெதுவும் இல்லை. “எல்லாரும் இங்கயே இருங்க. ஒரு நிமிஷத்துல உங்க பேயை விரட்டிட்டு வரேன்,” என்று போனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

சோபாவில் மனைவிக்கும் மாமியாருக்கும் நடுவில் பூட்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே... டிக்.

பிறகு மச்சினன் குரல். லேசான எரிச்சலோடு.

“மாமா, வெளிய இருங்கன்னு சொன்னேன்ல.”

கூடத்தில் யாரும் அசையவில்லை.

மாமியார் மெதுவாகத் திரும்பி... பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

கதவு திறந்தது. மச்சினன் சோபாவைப் பார்த்தான். திரும்பி அறையைப் பார்த்தான். போனைத் தரையில் வைத்தான். செருப்புக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

சில நாள் கழித்து அக்காளிடம் மட்டும் சொன்னான்.

“மாமாவேதான்க்கா. என்ன, வயசு ரொம்பக் கூட. கண்ணைச் சுருக்கிக்கிட்டு என் கையில இருந்த போனையே பார்த்தார். இன்னைக்கு என்ன தேதின்னு கேட்டார்.”

நீ வெளியே இருக்கச் சொன்னதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றாள் அவள்.

“எனக்குக் கேட்டுச்சு. வாய்க்குள்ளயே தேதியைச் சொன்னேன். அப்பாடா, இன்னும் நாள் இருக்குன்னார்.”

எதற்கு நாள் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெட்டிகளை அந்த ஞாயிறே பிரித்துவிட்டார்கள். பூட்டு மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கேயும் போகவேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவர் இருக்கச் சம்மதித்தார்.

இப்போதெல்லாம் பூட்டு குளிக்கப் போனால், மாமியார் குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் வெளியே வரும்வரை சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.