அது தனி டாக்டர்

என் கணவர் டாக்டர்களிடம் காட்டும் விசுவாசத்தில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் நான் இன்னும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் குரோம்பேட்டையில் ஒரு மூட்டு டாக்டர், தாம்பரத்தில் ஒரு நெஞ்சு டாக்டர். ஒருவரிடம் போவது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது என் கணவர் போட்ட சட்டம்.

"மூட்டு டாக்டர்கிட்ட இருமலைப் பத்தி வாயைத் திறக்காதே. தன் மேல நம்பிக்கை இல்லாம வேற ஆளைப் பார்த்திருக்கோம்னு நினைச்சுப்பார்."

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் பாதிப் பேர் சர்க்கரை டாக்டர் வீட்டு வாசலில் இதய டாக்டரின் மாத்திரையை ஒளித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கள்ளக்காதலுக்குக்கூட இவ்வளவு கவனம் தேவைப்படாது.

முடக்குவாதம் வந்து என் விரல்கள் கோணிப் பல வருடமாகிறது. இருமல் அப்புறம் வந்தது. சளி கிடையாது, வெறும் வறட்டு இருமல். அதற்குக் காரணம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி என்றார். கூட வேலை பார்க்கும் டீச்சர் சாக்பீஸ் தூள் என்றார். நாங்கள் இருவரும் இருக்கும் ஊரப்பாக்கம் பள்ளியில் சாக்பீஸ் ஒழிந்து டிஜிட்டல் போர்டு வந்து எத்தனையோ காலமாகிறது. என் கணவர் ஒரு படி மேலே போனார். தாம்பரம் பக்கத்துக் காற்று நல்லது என்றுதானே அந்தக் காலத்தில் இங்கே காசநோய்க்கு ஆஸ்பத்திரி வைத்தார்கள், இங்கேயே குடியிருப்பவளுக்கு நுரையீரலில் என்ன வந்துவிடும் என்று கேட்டார். லாரிப் புகைக்கு நடுவே, கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

நான் தமிழ் டீச்சர். செய்யுளை ராகம் போட்டு ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுவதுதான் என் பெருமை. அது இரண்டாவது அடியிலேயே அறுந்துபோக ஆரம்பித்தது. மாடி வகுப்புக்கு ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியை ரொம்பப் பரிவாக, "வீட்ல ரெஸ்ட் எடுக்கலாமே மிஸ்?" என்றார். நான் செய்யுள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினேன். வகுப்பை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

நெஞ்சு டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருந்தார். ஒருநாள் அவர் ஊரில் இல்லை, அவர் நாற்காலியில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்ட விரலைக் கேட்டார். முந்தானைக்குள் இருந்த கையை நீட்டினேன். கோணல் விரலில் கிளிப் சரியாக உட்காரவில்லை.

"இது எவ்ளோ நாளா இப்படி இருக்கும்மா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "அது தனி டாக்டர், மேடம்."

அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் வந்ததும் மறைக்காமல் சொன்னார்: முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை, சிலருக்கு நுரையீரலிலும் கைவைக்கும். எனக்கு அங்கே தழும்பு விழுந்திருந்தது. இன்ஹேலர் அதை ஒன்றும் செய்திருக்காது.

எங்கள் முன்னாலேயே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டார். ஏசி அறையில் என் கணவருக்கு வியர்த்தது. மறுமுனையில் யாரும் மனம் நோகவில்லை. "இருமல் இருக்குன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று மட்டும் கேட்டது.

"தழும்பு போயிடுமா மேடம்?" என்றார் கணவர்.

"விழுந்தது விழுந்ததுதான் சார். இனிமே பரவாம பார்க்கலாம். முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

வெளியே வந்ததும் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். சொல்ல நிறைய இருந்தது. கோபமும் இருந்தது, மூச்சுதான் இல்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, ஆட்டோ ஸ்டாண்டு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை நடுவில் வெட்டி, மிச்சத்தைத் தானே சொல்லி முடிக்கிற மனுஷன் அவர். அன்று வாயை மூடிக்கொண்டு, நான் திட்டி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார்.