பாறணைச் சுருட்டு

புகையிலைத் தோட்டக்காரர் சுருட்டுப் புகைக்காமல் வேறென்ன செய்வார் என்று கலியாணம் முடித்து கோப்பாய்க்கு வந்த நாளிலிருந்து நானும் பேசாமல்தான் இருந்தேன். எண்பத்தாறில் என் கணவரின் காற்பெருவிரல் கறுத்தது. புகைதான் இரத்தக் குழாயை அடைக்கிறது, நிறுத்தாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"உது பெரிய காரியமே? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தொடாமல் இருக்கிறனானெல்லே?" என்றார் இவர்.

அது உண்மை. விரதம் என்றால் மனுசன் பாலும் பழமுமாகக் கிடப்பார், சுருட்டின் பக்கமே திரும்பமாட்டார். அந்த ஐப்பசியில், இதோடு அப்படியே விட்டுவிட வேண்டும் முருகா என்று நானும் சேர்ந்து விரதம் பிடித்தேன். பின்னேரங்களில் கோயிலால் வந்து என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய புதிதில்கூட அவ்வளவு கதைத்ததில்லை. அந்த விரதம் முடியவே கூடாது போலிருந்தது எனக்கு.

ஏழாம் நாள் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள். விடிய எழும்பி எல்லாக் கறியும் வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவியவர் கிணற்றடியிலேயே நின்று ஒன்றைப் பற்றவைத்தார். முதல் இழுவையில் கண் சொக்கிப்போனது. என் சமையலுக்கு ஒருநாளும் அந்த முகம் வந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரதம் முடிஞ்சுதெல்லே. இந்த முதல் சுருட்டின்ரை ருசியே வேறை," என்றார்.

கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"அது ருசி இல்லை, அம்மா. மூளையிலை நிக்கோட்டின் போய்ப் பிடிக்கிற இடங்கள் இருக்கு. நெடுகச் சுருட்டுப் பத்தினால் அதுகள் மரத்துப்போகும். கொஞ்ச நாள் விட்டால் திரும்ப முழிச்சிடும். பிறகு முதல் புகை போனவுடனை டோபமின் எண்ட இரசாயனம் நல்லாச் சுரக்கும். இதை மறந்திடாதை, திரும்பத் தேடு எண்டு மூளைக்குச் சொல்லுறது அதுதான்."

நாங்கள் விரதம் என்று நம்பியது, மூளையைப் பட்டினி போட்டு ஆசையைத் தீட்டுகிற வேலையாய்ப் போயிற்று. அப்படியென்றால் என்னோடு கதைத்ததெல்லாம் ஏழாம் நாள் வரும்வரை பொழுதுபோக்கத்தானா?

அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் சுருட்டைத் தொடவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தோம். ஆனால் பக்கத்து வளவில் யாராவது பற்றவைத்தால் போதும், கதையைப் பாதியில் விட்டுவிட்டு வேலிப்பக்கம் பார்ப்பார். பக்கத்தில் இருக்கிற நான் அவர் கண்ணில் படமாட்டேன். ஒருநாளாவது என்னை அப்படித் தேடமாட்டாரா என்று ஏங்கிப்போவேன்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "இன்னும் ஆசை விடேல்லையோ?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"இஞ்சரும், சிலவேளை கால் இல்லையெண்டதையே மறந்து எழும்பப் பாக்கிறன். உது மட்டும் ஒருநாளும் மறக்குதில்லை."